ரொறன்ரோவில் கோடை உடுப்பிலிருந்து குளிர்கால உடுப்புக்கு மாறுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரொறன்ரோவிலும் அதை ஒட்டிய மார்க்கம், ஏஜக்ஸ், பிரம்டன் போன்ற இடங்களிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களை மனத்தில் வைத்து இந்தப் பக்கம் எழுதப்பட்டது. பருத்திச் சல்வாரும் காஞ்சிபுரமும் கம்பளி ஸ்வெட்டரும் ஒரே அலுமாரியில் இருக்கும் வீடுகளில் எழும் கேள்விகள் இவை.

அலுமாரியை எப்போது மாற்றத் தொடங்க வேண்டும்?

நாட்காட்டியைப் பார்க்காமல் காலை ஏழு மணி வெப்பநிலையைப் பாருங்கள். செப்டெம்பரில் மதிய வெயில் 20 பாகையைத் தாண்டும். அதே நாளில் விடியற்காலை 10 அல்லது 12 பாகையாக இருக்கும். ஏமாறுவது இந்த இடைவெளியில்தான்.

ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்ற வேண்டாம். மூன்று தவணையாகச் செய்யுங்கள். ஒரு கிழமை தொடர்ந்து காலையில் 12 பாகைக்குக் கீழே போனால் லினன் உடுப்பு, கையில்லாத சட்டை, அரைக் காற்சட்டை, திறந்த செருப்பு ஆகியவற்றை எடுத்து வையுங்கள். மெல்லிய ஸ்வெட்டர்களை வெளியே எடுங்கள். காலை 5 பாகைக்கு வரும்போது, அநேகமாக ஒக்டோபரின் பிற்பகுதியில், மிச்சக் கோடை உடுப்பும் உள்ளே போகலாம். பூச்சியத்தைத் தொடும்போது பெரிய கோட்டும் பூட்ஸும் வாசலடிக்கு வர வேண்டும்.

ஒன்றை மட்டும் முந்திச் செய்யுங்கள். கோட்டின் சிப், பூட்ஸின் அடி, கையுறையின் சோடி ஆகியவற்றை ஒக்டோபர் முதல் வாரத்திலேயே பாருங்கள். முதல் பனி விழுந்த அன்று சிப் இறுகிப்போனால், அன்றே தைத்துத் தரும் கடை கிடைப்பது கடினம்.

கோடை உடுப்பு ஒருமுறைதான் போட்டது, சுத்தமாகத்தான் இருக்கிறது. அப்படியே மடித்து வைக்கலாமா?

கூடாது. இந்த மாற்றத்தில் ஆகப் பெரிய நட்டம் இங்கேதான் வருகிறது. வியர்வையும் தோல் எண்ணெயும் சன்கிறீமும் துணியில் பட்ட அன்று கண்ணுக்குத் தெரியாது. ஆறு மாதம் காற்றோடு வினைபுரிந்து மே மாதத்தில் கழுத்துப் பட்டியிலும் அக்குளிலும் மஞ்சளாக எழும்பும். அந்தக் கறை அப்போது லேசில் போகாது. போட்ட உடுப்பு எல்லாம் கழுவித்தான் உள்ளே போக வேண்டும்.

கழுவிய பின் முழுதாகக் காய்ந்ததா என்று தையல் மடிப்புகளையும் இடுப்புப் பட்டியையும் தொட்டுப் பாருங்கள். அங்கேதான் ஈரம் நிற்கும். ட்ரையரிலிருந்து எடுத்த சூட்டோடும் மடிக்க வேண்டாம். சூடு ஈரத்தை மறைத்துவிடும். ஒரு மணி நேரம் ஆறவிட்டு மடியுங்கள்.

கஞ்சி போட்ட பருத்திச் சேலையையும் வேட்டியையும் கஞ்சியோடு வைக்காதீர்கள். இராமபாணப் பூச்சிக்குக் கஞ்சி தீனி. மடிப்பு விழுந்த இடத்தில் விறைத்த இழை முறிந்து, பிரிக்கும்போது நேர்கோட்டில் கிழியும். கஞ்சி போக அலசி, மென்மையாக வைத்து, கோடையில் கட்டும்போது புதிதாகக் கஞ்சி போடுங்கள்.

எதையெல்லாம் எடுத்து வைக்கத் தேவையில்லை?

நினைப்பதை விட அதிகம். வீட்டிலும் வேலையிடத்திலும் சூடாக்கி ஓடுவதால் உள்ளே 20, 21 பாகைதான். முழுக்கைப் பருத்திச் சட்டை, பருத்திக் குர்தா, மெல்லிய டி-ஷேர்ட் எல்லாம் ஸ்வெட்டருக்குள் போட்டுக்கொள்ள உதவும். கழுத்து மூடிய மெல்லிய கம்பளிச் சட்டைக்கு மேல் கோடைக்காலக் குர்தாவைப் போட்டால் டிசெம்பரிலும் நன்றாகவே இருக்கும். லினன், வெள்ளைக் காற்சட்டை, நீச்சலுடை, திறந்த செருப்பு ஆகிய நான்கும் போனாலே பாதி இடம் காலியாகிவிடும். ஒக்டோபரில் திடீரென 20 பாகைக்கு மேல் போகும் நாட்கள் உண்டு. அதற்காக இரண்டு மூன்று கோடைச் சட்டையை விட்டு வையுங்கள்.

எடுத்து வைக்கும் உடுப்பை நிலவறையில் வைக்கலாமா?

இடம் இருப்பது அங்கேதான் என்பதால் எல்லோரும் அங்கேதான் கொண்டுபோகிறார்கள். வைப்பதற்கு முன் ஈரப்பதம் காட்டும் சிறு மானி ஒன்றை இரண்டு நாள் அங்கே விட்டுப் பாருங்கள். 50 வீதத்துக்குக் கீழே இருந்தால் நல்லது. 65ஐத் தாண்டினால் பூஞ்சணம் பிடிக்கும். ஈரமகற்றும் கருவி இல்லாமல் அங்கே துணி வைக்க வேண்டாம்.

மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டி பருத்திக்கும் செயற்கை இழைக்கும் போதும். அட்டைப் பெட்டி வேண்டாம்: அது தரையின் ஈரத்தை உறிஞ்சும், பூச்சிக்கும் ஒளிய இடம் கொடுக்கும். பெட்டியை நேரே கொங்கிறீட் தரையில் வைக்காமல் பலகை மேலோ தட்டிலோ வையுங்கள். வெளிச்சுவரை ஒட்டியும் வைக்காதீர்கள். மாரியில் குளிர்ந்த சுவரில் நீர் கசிந்து நிற்கும்.

காற்றை உறிஞ்சிச் சுருக்கும் பைகள் பருத்திக்குச் சரி. டவுன் (வாத்தின் மெல்லிறகு) அடைத்த ஜக்கெட்டையும் தடித்த கம்பளியையும் அதில் மாதக்கணக்கில் அடைத்தால் இறகு நசுங்கி, பழைய பருமனுக்கு முழுதாகத் திரும்பாமல் போகலாம்.

பட்டுச் சேலைகளுக்கு என்ன செய்வது?

பிளாஸ்டிக் உறையிலிருந்து எடுங்கள். கடையில் தந்த உறை கடையிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவருவதற்கு மட்டுமே. மல் துணியிலோ பழைய, நன்றாக வெளுத்த பருத்தி வேட்டியிலோ ஒவ்வொன்றாகச் சுற்றுங்கள். சரிகை உள்பக்கம் வரும்படி மடியுங்கள். ஒரு முந்தானைச் சரிகை இன்னொரு சேலையின் பட்டில் உரசக் கூடாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிரித்து, பழைய மடிப்பில் விழாமல் வேறு இடத்தில் மடியுங்கள். பட்டு மடிப்பில்தான் முதலில் இற்றுப்போகும். தீபாவளிக்கு எடுக்கும்போது ஒன்று, பொங்கலுக்கு எடுக்கும்போது ஒன்று என்று வைத்துக்கொண்டால் மறக்காது.

வாசனைத் தெளிப்பைச் சேலை மேல் அடிக்காதீர்கள். அந்துருண்டையைச் சேலையோடு சேர்த்துப் பொதியவும் வேண்டாம். மணம் நூலுக்குள் இறங்கினால் பல மாதம் போகாது. அதன் ஆவி சில பிளாஸ்டிக் பொத்தான்களையும் கல் வேலைப்பாட்டையும் இளக்கிவிடும். மூடிய சிறு அறையில் அதை மூச்சோடு இழுப்பதும் உடம்புக்கு நல்லதல்ல.

ஸ்வெட்டரில் சின்னச் சின்ன ஓட்டை. அந்துப்பூச்சியா?

பெரும்பாலும் ஆம். ஆனால் முதலில் எந்தப் பூச்சி என்று உறுதிப்படுத்துங்கள். சமையலறையில் வெளிச்சத்தைச் சுற்றிப் பறப்பது அரிசி, மா, பருப்பில் வரும் பூச்சி. அதன் சிறகின் பின்பாதி செம்பு நிறம். அது துணியைத் தொடாது. துணி தின்னும் பூச்சி சிறிது, ஒரே வைக்கோல் நிறம், வெளிச்சத்தைக் கண்டால் ஓடி ஒளியும். பறப்பதைக் கொன்று பயனில்லை: சிறகு முளைத்த பூச்சி எதையும் தின்பதில்லை. தின்பது அதன் புழு. அதற்கு வேண்டியது கம்பளி, மயிர், பட்டு, இறகு ஆகியவற்றிலுள்ள கெரட்டின் போன்ற புரதம். வியர்வையும் உணவுத் துளியும் பட்ட இடம் அதற்கு இன்னும் பிடிக்கும். கழுவி வைக்கச் சொல்வதற்கு இரண்டாவது காரணம் இது.

ஓட்டை கண்ட உடுப்பையும் அதற்குப் பக்கத்தில் இருந்த எல்லாக் கம்பளியையும் வெளியே எடுங்கள். ஒவ்வொன்றையும் தளர்வாகப் பிளாஸ்டிக் பையில் போட்டு, காற்றை வெளியேற்றி, வாயை இறுக மூடி, பிரீசரில் −18 பாகையில் குறைந்தது ஒரு வாரம் வையுங்கள். இறுக்கித் திணித்தால் நடுப்பகுதி மெதுவாகக் குளிரும். மெதுவாகக் குளிர்ந்தால் புழு தன்னைப் பழக்கிக்கொண்டு தப்பலாம். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காதீர்கள். அறை வெப்பத்துக்கு வரும்வரை, ஒரு நாளாவது, மூடியே வைத்தால் நீர்த்துளி பையின் வெளிப்பக்கம்தான் படியும். பால்கனியில் போட்டுவிடலாம் என்று நினைக்க வேண்டாம். ரொறன்ரோவின் மாரி ஒருநாள் −15, மறுநாள் +3 என்று ஏறி இறங்கும், புழு சாகாது.

துணியை வெளியே எடுத்திருக்கும்போதே அலுமாரியின் மூலை, தட்டின் இடுக்கு, கம்பளத்தின் ஓரம் எல்லாவற்றையும் வெற்றிடத் துடைப்பானால் இழுத்து, அதன் பையை அன்றே வெளியே கொண்டுபோய் எறியுங்கள். முட்டை அங்கேதான் இருக்கும். சீடர் மரக்கட்டை மணமாக இருக்கும், ஆனால் அது காவல் அல்ல. மணம் குறையும்போது இருந்த கொஞ்சப் பலனும் போய்விடும். கழுவி மூடிய பெட்டியில் வைத்த கம்பளிக்கு அதுவும் தேவையில்லை.

எத்தனை அடுக்கு போடுவது? தடித்த ஒரே கோட் போதாதா?

சூட்டைத் தருவது துணியல்ல, துணிக்குள் அடைபட்ட அசையாத காற்று. மெல்லிய மூன்று அடுக்குக்கு இடையில் நிற்கும் காற்று, தடித்த ஒன்றுக்குள் நிற்பதை விடப் பயன் தரும். பஸ்ஸுக்குள்ளும் சுரங்க ரயிலுக்குள்ளும் வேர்க்கும்போது ஒன்றைக் கழற்றவும் முடியும்.

உடம்பை ஒட்டிய அடுக்கின் வேலை வியர்வையை அகற்றுவது. இங்கே பருத்தி தோற்றுப்போகும்: வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், பிறகு பஸ் தரிப்பில் நிற்கும்போது அந்த ஈரம் குளிரும். மெரினோ கம்பளி அல்லது பொலியெஸ்டர் உள்ளாடை போடுங்கள். கம்பளி தன் நிறையில் மூன்றிலொரு பங்கு வரை ஈரத்தை உறிஞ்சியும் நனைந்ததுபோல் உணர்த்தாது. நடு அடுக்கு ஸ்வெட்டர் அல்லது ஃபிளீஸ். காற்றைப் பிடித்து வைப்பது இதுதான். வெளி அடுக்கு காற்றையும் ஈரத்தையும் நிறுத்த வேண்டும்.

10 முதல் 15 பாகை வரை பருத்திச் சட்டையும் மெல்லிய ஜக்கெட்டும் போதும். 0 முதல் 5 வரை ஸ்வெட்டரும் காற்றுத் தடுக்கும் ஜக்கெட்டும், கழுத்துக்கு ஏதாவதும். −10க்கு மூன்று அடுக்கும் வேண்டும். காலுக்கும் உள் லெக்கிங்ஸ் வேண்டும். பலர் மேலே மூன்று போட்டு, காலுக்கு ஒற்றை ஜீன்ஸோடு நின்று நடுங்குகிறார்கள்.

வெப்பநிலையை மட்டும் பார்க்காமல் காற்றுக் குளிரையும் பாருங்கள். −10 பாகையில் மணிக்கு 30 கிலோமீற்றர் காற்று வீசினால் தோலுக்கு அது −20. அந்த எண் −28க்குக் கீழே போனால் திறந்த தோல் 10 முதல் 30 நிமிடத்தில் உறையலாம். அன்று காது, மூக்கு, விரல் மூன்றையும் மூடாமல் போகாதீர்கள். விரலுறையை விட நான்கு விரலும் ஒன்றாக இருக்கும் மிற்றன் சூடு. விரல்கள் ஒன்றையொன்று காக்கும்.

கம்பளி அரிக்கிறதே?

உங்கள் தோலைக் குறை சொல்லாதீர்கள். ஏறக்குறைய 30 மைக்ரோனை (ஒரு மைக்ரோன் மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) விடத் தடித்த இழைகளின் நுனி வளையாமல் தோலில் குத்துகிறது. மெரினோ உள்ளாடையில் 17 முதல் 19 மைக்ரோன் என்று போட்டிருந்தால் பெரும்பாலானவர்களுக்கு அரிக்காது. எண் போடாத ஸ்வெட்டரைக் கடையில் உள்ளங்கையால் பார்க்காமல் கழுத்தில் வைத்துப் பாருங்கள். ஏற்கனவே வாங்கிவிட்டால், உள்ளே மெல்லிய முழுக்கைச் சட்டை போட்டு உடுத்துங்கள்.

குளிர்காலக் கோட் வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

நீளம் முதலில். பஸ்ஸில் போகிறவர் தொடையின் பாதிக்காவது இறங்கும் கோட் வாங்க வேண்டும். காரிலேயே போய் வருபவருக்கு இடுப்பளவு வசதி. உள்ளே ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு கடைக்குப் போங்கள். இரு கையையும் முன்னே நீட்டிக் கட்டிப்பிடிப்பதுபோல் செய்யும்போது முதுகு இழுத்தால் ஓர் அளவு கூட்டுங்கள். இறுகிய கோட் உள்ளிருக்கும் காற்றை நசுக்கிவிடும்.

டவுனா செயற்கைப் பஞ்சா என்பது நீங்கள் எப்படி நனைவீர்கள் என்பதைப் பொறுத்தது. டவுன் பாரமில்லாமல் அதிகச் சூடு தரும், ஆனால் நனைந்தால் சுருண்டு காப்பை இழக்கும். ரொறன்ரோவில் பூச்சியத்தை ஒட்டிய ஈரப் பனியும் மழையும் அதிகம். எனவே நீர் ஒட்டாத மேல்துணி இல்லாத டவுன் கோட் வேண்டாம். டவுன் எவ்வளவு பொங்கிக் காற்றைப் பிடிக்கும் என்பதைக் காட்டும் எண் பொங்குதிறன் (fill power). இந்த நகரத்துக்கு 600 அளவு தாராளம். 800க்குக் கூடக் கொடுக்கும் காசு நடந்து மலையேறுபவருக்குத்தான் பயன்படும். கனடாவில் விற்கும் உடுப்பின் லேபிளில் நார் வகையும் வீதமும் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் இருக்க வேண்டும் என்பது சட்டம். “வூல் கோட்” என்று தொங்கும் அட்டையை நம்பாமல் உள்ளே தைத்த லேபிளைப் படியுங்கள். கம்பளி 60 வீதத்துக்குக் குறைவென்றால் அந்த விலைக்கு யோசியுங்கள்.

கையில் போன வருடக் கோட் இருந்தால் பொறுங்கள். டிசெம்பர் 26க்குப் பிறகு விலை இறங்கத் தொடங்கும். பெப்ரவரியில் இன்னும் இறங்கும், ஆனால் நடு அளவுகள் தீர்ந்திருக்கும். புதிதாக நாட்டுக்கு வந்தவர் காத்திருக்கக் கூடாது. நவம்பருக்குள் வாங்குங்கள்; பழைய உடுப்புக் கடைகளில் நல்ல கோட் கிடைக்கும்.

பூட்ஸில் வெள்ளை வெள்ளையாகக் கோடு படிகிறது. எப்படிப் போக்குவது?

அது வீதியில் கொட்டும் உப்பு. விட்டுவைத்தால் தோலிலுள்ள எண்ணெயை இழுத்து வெடிக்கச் செய்யும். வெள்ளை வினாகிரி ஒரு பங்கு, தண்ணீர் இரண்டு பங்கு கலந்து துணியில் தொட்டுத் துடையுங்கள்; பிறகு வெறும் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒருமுறை துடையுங்கள். உள்ளே கடதாசியைக் கசக்கி அடைத்து அறையில் காயவிடுங்கள். ஹீட்டர் மேல் வைத்தால் தோல் சுருங்கும், அடி ஒட்டிய பசை விடும். சுவேட் தோல் ஒக்டோபரோடு முடிந்துவிட வேண்டும்.

வாங்கும்போது தடித்த சொக்ஸைப் போட்டுப் பாருங்கள். விரல் அசைய இடம் வேண்டும். இறுகிய பூட்ஸுக்குள் இரண்டு சொக்ஸ் போட்டால் இரத்தவோட்டம் குறைந்து கால் இன்னும் குளிரும்.

ஜனவரியில் பொங்கல் விழாவுக்கும் கலியாணத்துக்கும் சேலை கட்டுவது எப்படி?

உள்ளே தெர்மல் லெக்கிங்ஸ், அதன் மேல் பருத்தி உள்பாவாடை. லெக்கிங்ஸ் மட்டும் போட்டால் கொசுவம் செருகப் பிடிமானம் இருக்காது. சாட்டின் உள்பாவாடை என்றால் உலர்ந்த காற்றில் மின்னேறிச் சேலை காலோடு ஒட்டும். முழுக்கைப் பிளவுஸ் தைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் தோல் நிற மெரினோ உள்ளாடைக்கு மேல் பிளவுஸ் போடலாம், அதற்குப் பக்கத் தையலில் ஒரு சென்ரிமீற்றர் விட்டிருக்க வேண்டும்.

வாகனத் தரிப்பிடத்தில்தான் சேலை கெடுகிறது. உப்புக் கலந்த பனிச்சேறு கரைச் சரிகையைக் கறுக்க வைக்கும். புறப்படும்போது கீழ்க்கரையை முழங்காலளவு மடித்துத் தூக்கி, துணிக் கிளிப்பால் இடுப்பில் பிடித்துவிடுங்கள். ஊசி குத்தினால் பட்டில் துளை விழும். பூட்ஸோடு போய், செருப்பைப் பையில் கொண்டுபோங்கள். கோட் முழங்காலுக்குக் கீழே இறங்க வேண்டும், தோள் தளர்வாக இருக்க வேண்டும். மண்டபத்தில் கோட்டைக் கொடுக்கும்போது தொப்பி, கையுறை, கழுத்துத்துணியைக் கோட்டின் கைக்குள் திணித்துவிட்டால் இரவு ஒன்றும் தொலையாது.

பிள்ளைகளுக்கு?

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். காரின் குழந்தை இருக்கையில் தடித்த பனியுடையோடு கட்டாதீர்கள். மோதும்போது பஞ்சு நசுங்கிப் பட்டி தளர்ந்துவிடும். மெல்லிய உடுப்போடு பட்டியை இறுக்கிக் கட்டிய பிறகு கோட்டையோ போர்வையையோ மேலே போர்த்துங்கள். கழுத்தில் நீளத் துணிக்குப் பதில் தலைவழியாகப் போடும் கழுத்துறை. விளையாடும் இடத்தில் எதிலாவது மாட்டாது.

குளிரிலும் பள்ளி இடைவேளை வெளியேதான், ஆகவே பனிக் காற்சட்டையும் இரண்டு சோடி நீர்புகா மிற்றனும் வேண்டும். ஓர் அளவு பெரிதாக வாங்குங்கள், இரண்டு அளவல்ல; நிலத்தில் இழுபடும் கால் நனைந்து உறையும். ஒன்ராறியோவில் பிள்ளைகள் உடுப்புக்கு 13 வீத வரியில் 5 வீதம்தான், பற்றுச்சீட்டைப் பாருங்கள்.

கம்பளியையும் டவுனையும் வீட்டில் கழுவ முடியுமா?

லேபிள் தடுக்காவிட்டால் முடியும். கம்பளியைச் சுருக்குவது தண்ணீர் மட்டுமல்ல, சூடும் கசக்கலும் சேர்ந்துதான். 30 பாகைத் தண்ணீர், கம்பளிக்கென்று விற்கும் சவர்க்காரத் திரவம். வழமையான தூளில் கறை நீக்க இருக்கும் புரோட்டியேஸ் நொதி, புரதமாகிய கம்பளியையும் பட்டையும் அரிக்கும். முறுக்கிப் பிழியாமல் துவாயில் சுருட்டி அமத்தித் தட்டையாக விரித்துக் காயவிடுங்கள். கொடியில் தொங்கினால் தோள் நீளும். அலுமாரியிலும் ஸ்வெட்டரை மடித்தே வையுங்கள். ஒவ்வொரு தரமும் கழுவவும் தேவையில்லை, ஓர் இரவு காற்றாட விட்டால் மணம் போகும்.

டவுனை முன்பக்கம் திறக்கும் மெஷினில் போடுங்கள். நடுவில் தூண் உள்ள மெஷின் தையலைக் கிழிக்கலாம். டவுனுக்கான திரவம் பாவியுங்கள், மென்மையாக்கி வேண்டாம், இரண்டு தரம் அலசுங்கள். ட்ரையரில் குறைந்த சூட்டில் சுத்தமான இரண்டு மூன்று டென்னிஸ் பந்தோடு இரண்டு மூன்று மணி நேரம் சுழலட்டும். அரைமணிக்கு ஒருமுறை எடுத்துக் கட்டிகளை விரலால் பிரியுங்கள். மேலே காய்ந்திருந்தும் உள்ளே கட்டி தட்டுப்பட்டால் அது ஈரம். அப்படியே வைத்தால் நாறும்.

உடுப்பைத் தொட்டாலே மின்சாரம் தட்டுகிறதே?

சூடாக்கியால் வீட்டின் ஈரப்பதம் 30 வீதத்துக்குக் கீழே போய்விடுகிறது. ஈரமூட்டும் கருவியால் 30 முதல் 40க்குள் வையுங்கள். அதற்கு மேல் ஏற்றினால் யன்னலில் நீர் வடியும். பொலியெஸ்டர் மேல் கம்பளி என்று அடுக்காமல் இருந்தாலே பாதி குறையும். அவசரத்துக்குக் கம்பி ஹாங்கரைச் சேலையின் உள்பக்கமாக ஒருமுறை ஓட்டுங்கள்.

கறுப்புக் கோட்தானா எல்லோரும் போட வேண்டும்?

கறுப்பு அழுக்குக் காட்டாது என்பது உண்மை. ஆனால் நவம்பர் முதல் ஞாயிறு மணிக்கூட்டைப் பின்னே தள்ளிய பிறகு மாலை ஐந்துக்கே இருட்டிவிடும். டிசெம்பரில் 4:40க்கே சூரியன் மறைகிறது. கறுப்புக் கோட்டோடு வீதியைக் கடப்பவரைச் சாரதிக்குத் தெரியாது. மஞ்சள், கிளிப்பச்சை, மாம்பழ நிறம், அரக்கு எல்லாம் தமிழ் அலுமாரியில் ஏற்கனவே இருக்கும் நிறங்கள். கோட் கறுப்பாக இருந்தால் அந்த நிறங்களில் கழுத்துத்துணியும் தொப்பியும் போடுங்கள். நடந்து போகிறவர் பையில் ஒளி தெறிக்கும் பட்டி ஒன்றைக் கட்டுங்கள்.

திரும்பக் கோடைக்கு எப்போது மாற்றலாம்?

ஏப்ரலில் ஒரு நாள் 20 பாகை வந்ததும் கோட்டைக் கழுவி ஏற்றிவிடாதீர்கள். அதே மாதம் பனி விழுந்த வருடங்கள் பல. கம்பளியையும் டவுனையும் மே மாத நடுவில் கழுவி வையுங்கள். பூட்ஸை உப்புப் போகத் துடைத்து, எண்ணெய் பூசி, கணுக்காலுக்கு மேலுள்ள பகுதி சரியாதபடி கடதாசி அடைத்து நிமிர்த்தி வையுங்கள்.